பேசாத பிள்ளைக்கு நாலு விடை

மாமா,

எஸ்டேட்டுல உங்க போன் எடுக்கலை. அதான் போடிமெட்டு ஜீப்புல இதைக் குடுத்து விடுறேன். பிள்ளைக நல்லாயிருக்குதுக.

ஞாயித்துக்கிழமை தேனிக்குப் போய் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிட்டேன். என்கிட்ட மூணாப்பு படிச்ச கார்த்திகா வாசல்லயே பார்த்துட்டு, "டீச்சர், சூப்பர்வைசரா வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டா. சிரிச்சு வச்சேன். உள்ள போனா, அவளுக்கு என் பக்கத்துப் பெஞ்சு. அப்புறம் அவ என் பக்கம் திரும்பவே இல்லை.

வகுப்புல பேசாத குழந்தையை எப்படிப் பேச வைக்கிறதுன்னு ஒரு கேள்வி. கீழே நாலு விடை. நாலையும் என் வகுப்புச் சூர்யகலாகிட்ட செஞ்சு பார்த்திருக்கேன் மாமா. மலையிலருந்து வந்த பிள்ளை, எதுக்கும் வாய் திறக்கலை. ஒருநாள் ஒண்ணும் கேட்காம அவ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன். அன்னைக்குத்தான் பேசுனா. அந்த விடை தாள்ல இல்லை. அதையே யோசிச்சுக்கிட்டு இருந்ததுல மிச்சக் கேள்விக்கு நேரம் பத்தலை.

வேலையில இருக்கிறவங்களும் எழுதணும்னு கோர்ட்டு உத்தரவாம், தேறலைன்னா இத்தனை வருஷ வேலையும் போயிரும்னு ஹெட்மாஸ்டர் சொல்றார். விடைக்குறிப்பு இந்த வாரமே வந்துருமாம். பள்ளிக்கூடத்துல யாராவது போனைப் பார்த்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுறேன்.

ஏலக்காய் எடுப்பு முடியாம நீங்க இறங்க வேண்டாம்னு எழுதத்தான் உக்காந்தேன்.

வெரசா வாங்க மாமா.

உங்க வீட்டுக்காரி