அந்த ஜாடியிலேயே பெரிய மீன்

பிப்ரவரி 11, செவ்வாய்

மியூசியத்தின் பின்வாசலில் பனிக்கட்டி. உப்புத் தூவ ஒருவருக்கும் தோன்றவில்லை. வழுக்கி விழப் பார்த்தேன். நாள் முழுக்க மீன் அறையில் ஜாடிகளைப் பார்த்து, குறைந்த ஆல்கஹாலை நிரப்பினேன்.

மே மாதம் தண்ணீர் விசாரணை. சுரங்கக் கம்பெனி கேட்கிற தண்ணீரைக் கொடுத்தால் இபரா ஊற்று வற்றிவிடும். ஆர்டித் கெண்டை உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்த ஒரு ஊற்றில்தான். மாநிலத்தின் பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயர் இருப்பதால்தான் இதுவரை யாரும் கை வைக்கவில்லை. கம்பெனி வக்கீல் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறான்: இது தனி இனமே இல்லையாம், தூண்டிலில் இரையாகக் குத்துகிற சாதாரண ஓடைக் கெண்டைதானாம்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தொண்டைக்குள் பல் இருக்கிறது. ஓடைக் கெண்டைக்கு இரண்டு வரிசை, நம்முடையதற்கு ஒன்று. பெயர் வைத்தபோது ஆதாரமாக எடுத்து வைத்த டைப் மாதிரியையே ஸ்கேன் எடுத்து அந்தப் படத்தை அவன் முகத்தில் வீசப் போகிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஸ்கேன் வந்தது. இரண்டு வரிசை.

பிப்ரவரி 15, சனி

விடுமுறை நாளில் போய் மறுபடி பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு வரிசை. டைப்புக்கென்று சிவப்பு நாடா கட்டிய அந்த ஜாடியில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தது ஓடைக் கெண்டை.

வேறு எந்த ஜாடியாக இருந்தாலும் லேபிளை மாற்றிவிட்டுப் போய்விடலாம். டைப்பில் முடியாது. பெயர் என்பது கட்டுரையில் எழுதிய வர்ணனையில் இல்லை, எழுதியவர் மனதில் நினைத்ததில் இல்லை. அவர் 'இதுதான்' என்று தேர்ந்தெடுத்து வைத்த அந்த ஒரு பிணத்தில் இருக்கிறது. அது எந்த இனமோ, பெயரும் அதற்குத்தான். ஓடைக் கெண்டைக்கு ஏற்கெனவே பழைய பெயர் ஒன்று உண்டு. ஆகவே 'ஆர்டித்' என்பது அதற்கு வேண்டாத இரண்டாவது பெயர். ஊற்றில் நீந்துகிற மீனுக்கோ பெயரே இல்லை. பெயர் இல்லாததைப் பட்டியலில் எப்படி வைப்பது?

வக்கீல் சொன்னது சரியாகிவிட்டது. அவனுக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தது நான். யாரைப் போய் அறைவது?

பிப்ரவரி 19, புதன்

புதன்கிழமை என்றால் டெல்மர் பிங்கம் வருவார். எனக்கு முன்னால் இந்த அறையைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து என் காபியைக் குடிப்பார். இந்த மீனுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஆர்டித் அவருடைய மனைவி, இப்போது இல்லை.

படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஊத்தும் ஓடையும் சேர்ற இடத்துல வலை போட்டோம். ரெண்டும் கலந்து வந்திருக்கும்."

"அது சரி. அத்தனை மீன்ல ஏன் இதை எடுத்தீங்க?"

"பெரிசா இருந்துச்சு. துடுப்பு கிழியாம, பாக்க லட்சணமா இருந்துச்சு. எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க."

உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் எடுப்போம். அதற்காக எனக்குக் கோபம் வரக்கூடாதா? தொண்டையைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை! "அழகான மீனை அறுக்க மனசு வரல" என்கிறார். ஜாடியில் போட மட்டும் மனசு வந்ததோ?

மார்ச் 6, வியாழன்

அதே வலையில் வந்து அதே ஜாடியில் கிடந்த மற்ற சின்ன மீன்களையும் வேறு ஜாடிக்கு மாற்றி ஸ்கேன் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரிசை. பெரியது ஒன்றுதான் அந்நியன்.

வழி இருக்கிறது. இந்தச் சின்ன மீன்களில் ஒன்றைப் புது டைப்பாக வைத்து, ஊற்று மீனுக்குப் புதுப் பெயர் கொடுத்து, விசாரணைக்கு முன்னால் கட்டுரையை வெளியிட வேண்டும். புதிதாக எதையும் பிடித்துக் கொல்ல வேண்டாம். ஆனால் 'ஆர்டித்' என்ற பெயரை மறுபடி வைக்க முடியாது. ஒரே பேரினத்தில் ஒரு பெயர் ஒரு தடவைதான்.

பிங்கமுக்குப் போன் செய்து சொன்னேன். பெயர்களுக்கென்று இருக்கிற ஆணையத்துக்கு மனு போடச் சொல்கிறார். டைப்பை மாற்றித் தரும்படி அவர்களைக் கேட்கலாமாம். கேட்கலாம். அவர்கள் பதில் சொல்ல வருஷக்கணக்காகும். அதற்குள் ஊற்றில் புல் முளைத்துவிடும்.

"அவ பேரைத் தூண்டில் இரைக்கு வைக்கச் சொல்றியா?" என்றார்.

வைத்தது நானா? போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

வந்தார். கதவைச் சாத்தினார். ஏப்ரலில் கம்பெனியின் நிபுணர் வந்து டைப்பைப் பார்க்கப் போகிறார் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"டைப் இருந்தாத்தானே பாப்பான்."

"என்ன சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத, மைட்டே. டைப் அழிஞ்சு போனா வேற ஒண்ணை நியமிக்கலாம், விதியிலயே இருக்கு. சின்ன மீன்ல ஒண்ணை எடுத்து வை. பேர் ஊத்து மீனுக்கே நிக்கும். பட்டியல் அப்படியே இருக்கும். கண்ணாடி ஜாடிதானே, கை தவறி உடைஞ்சா மீனும் குப்பையோட போகாதா?"

வெளியே போகச் சொன்னேன். போனார்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது எது என்றால், அவர் சொன்னது வேலை செய்யும். ஸ்கேனைப் பற்றி எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஜாடி. மீனும் பிழைக்கும், கிழவரும் பிழைப்பார். அந்த அறையில் எத்தனையோ டைப்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. இன்று வசதிக்காக ஒன்றை உடைத்தால், நாளைக்கு எந்த ஜாடியைக் காட்டி 'இது இதுதான்' என்று சொல்வேன்?

மார்ச் 27, வியாழன்

ஜாடியைக் காணோம்.

அலமாரிப் பூட்டு உடையவில்லை. சாவி வைத்திருக்கிற இன்னொரு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். இயக்குநர் லூவெல்லாவிடம் ஓடினேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வயசானவர். போலீஸ் கீலீஸ்னு கிளம்பிடாத. ஒரு மீன்தானே?"

ஒரு மீன்தானே! மீன் மியூசியம் நடத்துகிறவள் பேசுகிற பேச்சு.

மார்ச் 28, வெள்ளி

அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜையில் ஜாடி, பக்கத்தில் சுத்தியல். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஜாடி முழுசாக இருந்தது.

"எப்ப உடைக்கப் போறீங்க? நான் பாத்துட்டுப் போறேன்."

"நேத்துலேருந்து பாக்கறேன். கை வரல."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. போதுமா?"

போதவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு மீனின் வாயைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு ஒரு ஊற்றையே அடகு வைத்தீர்கள் என்றேன். உங்கள் மனைவி பெயரை வைத்துக்கொண்டு அவள் மீனைச் சாகவிடுகிறீர்கள் என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஜாடியைத் துண்டில் சுற்றி, சுற்றியது போதாதென்று இன்னொரு துண்டையும் சுற்றி, என் கையில் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

புது டைப்பைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். தட்டில் எல்லா மீனையும் பரப்பியதும் என் கை எங்கே போனது? உள்ளதில் பெரியதற்கு, பளபளப்பானதற்கு. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்தேன். என் மேலேயே அப்படியொரு கோபம்.

கடைசியில் நடுத்தரமான ஒரு பெண் மீன். வால் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பல் துல்லியமாகத் தெரிகிறது. பெயர் ஊற்றின் பெயர்தான். மனுஷர்கள் யாருடைய பெயரும் வேண்டாம்.

மே 6, செவ்வாய்

கட்டுரை வெளிவந்தது. லூவெல்லா வாழ்த்துச் சொன்னாள். நன்றி என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மே 22, வியாழன்

விசாரணை. தண்ணீரையும் பட்டியலையும் முடிவு செய்வது ஒரே மாநிலக் குழு. வக்கீல் என் கட்டுரையையே கையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"பட்டியல்ல இருக்கிறது ஆர்டித் கெண்டை. ஆர்டித் கெண்டைங்கிறது சாதாரண இரை மீன்னு இந்த அம்மாவே எழுதியிருக்காங்க. புதுப் பேரு பட்டியல்லயே இல்ல. அப்ப எந்த மீனைக் காப்பாத்தறீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. விளக்கினேன். டைப், பெயர், தொண்டைப் பல் என்று நான் பேசப் பேசக் குழுவினரின் கண்கள் மங்கிக்கொண்டே போயின.

குழுத் தலைவி என்னை நிறுத்திவிட்டு, முதலில் பெயர் வைத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். பிங்கம் எழுந்தார். அவர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"நீங்க பட்டியலுக்குக் கொடுத்தப்ப எந்த மீனை நினைச்சீங்க?"

"ஊத்துல இருக்கிற மீனை. கையில எடுத்தது தப்பான மீன். தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு எழுதினது ஒவ்வொண்ணும் சரி."

"அப்ப பட்டியல்ல பேரை மாத்தினா உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே? ஆர்டித்ங்கிறதை எடுத்துடலாமா?"

வக்கீல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிச்சிடுங்க" என்றார்.

தலைவி பேனாவை எடுத்து அடித்தாள். புதுப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி மேலே எழுதினாள். குழு கைதூக்கியது. சுரங்கத்துக்கு இபரா ஊற்றுத் தண்ணீர் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் பிங்கம் போய்விட்டார்.

மே 28, புதன்

பழைய டைப்பைத் தூக்கி எறிய முடியாது. தப்பான மீனாக இருந்தாலும் சிவப்பு நாடாவோடு என்றைக்கும் இருக்க வேண்டியது. உள்ளே அது உண்மையில் எந்த மீன் என்று ஒரு லேபிள் போட வேண்டும். எந்த மீன் என்று தீர்மானிக்கிறவர்தான் கையெழுத்துப் போடுவது வழக்கம். என் பெயரில் எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

பிங்கம் வந்து வாசலிலேயே நின்றார், இப்போது சாவி இல்லை. உள்ளே கூப்பிட்டேன். லேபிளைப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மையும் புதுக் காகிதமும் கேட்டார். மெதுவாக எழுதினார்: ஓடைக் கெண்டை. தீர்மானித்தவர், டெல்மர் பிங்கம்.

மை காய்ந்ததும் நான் மூடியைத் திறந்தேன், அவர் உள்ளே போட்டார்.