ஏழு முடிச்சு

மார்ச் 4

என்னங்க,

நானும் பாப்பாவும் நலம். போன் எடுக்காத மலையில் சுரங்கப்பாதை வெட்டப் போய்விட்டீர்கள். என் புலம்பலைக் கடிதத்தில்தான் படித்தாக வேண்டும்.

சொல்லிவிட்டுப் போனபடி கிணற்றில் முடிச்சுக் கயிற்றை விட்டு நீர்மட்டம் பார்த்தேன். ஏழு முடிச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது. இருநூறு எலுமிச்சையும் இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கின்றன. என்ன செய்யட்டும்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மனைவி

மார்ச் 12

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

பத்து முடிச்சுக் கயிற்றில் ஏழு! கோடையில் இவ்வளவு இருப்பதற்கு நீ குதிக்க வேண்டும், அழுகிறாயே. படித்துவிட்டுச் சிரித்தேன். அண்ணன் கிணறு வறண்டுவிட்டதாம். நம் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக்கொள்ளச் சொல்லி அவருக்கு எழுதிவிட்டேன். தைரியமாக வெள்ளரி விதைப்பார். பாப்பாவுக்கு முத்தம்.

உன்னவன்

மார்ச் 23

என்னங்க,

உங்கள் அண்ணன் தினமும் மூன்று மணி நேரம் மோட்டார் ஓட்டுகிறார். இன்றைக்கு எட்டு முடிச்சு. தண்ணீர் கலங்கலாக வருகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் மேலிருந்து காய்ந்த முடிச்சுகளை எண்ணுகிறேன். நீங்கள் எதை எண்ணினீர்கள்? எனக்குத் தூக்கமே இல்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

பயத்தோடு,
மனைவி

ஏப்ரல் 1

கண்ணு,

நான் எப்போதும் நனைந்த முடிச்சைத்தான் எண்ணுவேன். அதை உன்னிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். எட்டு காய்ந்துவிட்டால் மிச்சம் இரண்டுதான். ஆனால் என் பேச்சை நம்பித்தானே அண்ணன் விதைத்தார்? எந்த முகத்தோடு நிறுத்தச் சொல்வேன்? அவரிடம் எதுவும் சொல்லாதே. அறுவடை வரை பொறுத்துக்கொள், எனக்காக.

உன்னவன்

ஏப்ரல் 9

என்னங்க,

பொறுக்கவில்லை. கடிதம் வந்த அன்றே உங்கள் அண்ணன் குழாயின் வால்வை மூடிவிட்டேன். வேகமாக வந்தார். "தம்பி சொல்லட்டும், அப்புறம் மூடு" என்றார்.

"அவர் சொல்ல மாட்டாரு. அதனாலதான் நான் சொல்றேன்."

கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தேன். விட்டுப் பார்த்தவர் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளரியில் பாதியை அவர் கைவிட்டார். நான் நூறு மரங்களைக் கைவிட்டேன். மீதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம் சொட்டுநீர். ஈரம் காயாமலிருக்க அடியில் சருகு பரப்பியிருக்கிறோம். பிழைக்குமா, தெரியவில்லை.

தண்ணீர் வற்றிவிடும் என்று பயந்தேன். மறைக்கச் சொல்லி 'எனக்காக' என்று நீங்கள் எழுதியதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. முதலில் உங்கள் அண்ணனுக்கு உண்மையை எழுதுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதலாம்.

மனைவி