இருவத்தாறு நடக்குதுங்க

போன வாரம் பெய்த மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் இன்று பூத்துவிட்டது. சன்னலைத் திறந்ததும் அந்த வாசம் உள்ளே வந்தது. இன்று என் பிறந்தநாள். நீங்கள் இருந்திருந்தால், "ஏனுங்க பெரியவங்களே, எந்திரிங்க" என்று டம்ளரோடு வந்து நின்றிருப்பீர்கள். உங்களைவிட மூன்றரை மாதம் மூத்தவள் நான். சித்திரையில் 'பெரியவங்க' ஆகும் நான், ஆடியில் உங்கள் பிறந்தநாள் வந்ததும் மறுபடி 'கண்ணு' ஆகிவிடுவேன்.

அந்த மூன்றரை மாதம் நம் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்ததே. கோயிலா சர்ச்சா என்று இரண்டு வீடும் ஒரு வருஷம் மல்லுக்கட்டி, சரி, இரண்டும்தான் என்று இறங்கி வந்த பிறகு, உங்கள் ஊரான வாழவந்தியில் உங்கள் பெரியப்பா புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "சாமி எதுவா வேணா இருக்கட்டும். பொண்ணு ஒரு வயசாச்சும் சின்னதா இருக்கோணும். ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?" அவரை மீறி உங்கள் வீட்டில் ஓர் ஆடுகூட விற்றதில்லை. எல்லாம் போச்சு என்று நான் அழுதேன்.

நீங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே கேட்டீர்கள்: "உங்க ஊட்டுல வயசு எப்படிச் சொல்லுவாங்க?" முடிந்த வயதை, என்றேன். பிறந்தநாள் வந்து போனால்தான் எங்களுக்கு ஒரு வயது கூடும். உங்கள் வீட்டிலோ நடக்கும் வயதைத்தான் சொல்வார்கள்; கைக்குழந்தைக்கே ஒன்று நடக்கிறது. உங்கள் முகத்தில் சிரிப்பு பரவியது. "ஆடியில என்ற பொறந்தநாள் வருதில்ல, அது தாண்டட்டும். ஆவணியில பேச வரச் சொல்லுவோம்."

ஆவணியில் ஊர்ப் பெரியவர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார் பெரியப்பா. "புள்ளைக்கு என்ன வயசுங்க?" எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரான என் அப்பா வழக்கம்போல முடிந்ததைச் சொன்னார்: "இருபத்தஞ்சுங்க." உங்கள் அம்மாவும் வழக்கம்போல நடப்பதைச் சொன்னார்: "இவனுக்கு இருவத்தாறு நடக்குதுங்க." யாரும் பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் தலையாட்டினார்கள், பெரியப்பா வெற்றிலையை எடுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, ஓடிப்போய் சர்ச் மணியை அடிக்கலாம் போல இருந்தது.

தாலி ஏறியதும் பெரியப்பா காலில் விழுந்தேன். தூக்கிவிட்டவர் காதோரம் சொன்னார்: "எனக்கும் கணக்குத் தெரியுங்கண்ணு. ஊருக்குச் சொல்ல ஒரு பதில் வேணுமில்ல? நொம்ப நல்ல பதிலாக் குடுத்தீங்க." அதைக் கேட்டு மணமேடையிலேயே நீங்கள் சிரித்த சிரிப்பை எந்த போட்டோவும் பிடிக்கவில்லை.

மூன்று வருஷம் முன் நீங்கள் போனபோது எங்கள் பக்கத்தார் நாற்பத்தாறு என்றார்கள், உங்கள் பக்கத்தார் நாற்பத்தேழு என்றார்கள். நான் நாற்பத்தேழையே எடுத்துக்கொண்டேன். உங்களோடு ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஆடி வந்தால் 'கண்ணு' என்று கூப்பிட ஆளில்லை என்பதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் நம் மகன் கேக் வாங்கி வந்தான். வெட்டாமல் தயங்கி நின்றான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். "ஆனா ஒண்ணும்மா. அவளுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. ஊர்ல என்ன சொல்லுவாங்களோ."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உங்கள் சிரிப்பேதான். இந்தத் தடவை ஆவணிக்குக் காத்திருக்க வேண்டாம், எந்த வீட்டுக் கணக்கும் வேண்டாம்.

"எங்கம்மாவும் மூத்தவதான்னு சொல்லு சாமி" என்றேன்.