அந்தோனியார் காலடியில் வைத்த சீட்டு

22.02.1970, ஞாயிறு

இன்றும் குடியுரிமைப் பாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தேன். இந்தியாவா, இலங்கையா என்று ஏப்ரல் முப்பதுக்குள் மனுப்போட்டாக வேண்டும். தொழிலாளர் லயத்தில் பாதிப்பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்து வாத்தியார் செபஸ்தியனாகிய என்னுடைய பாரம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

எனக்கு இந்தியாதான். காரணம் பயம், வேறென்ன? ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பேர் கேட்டவனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

மரியாயி இலங்கை என்கிறாள். “அங்க யாருங்க இருக்கா நமக்கு? ஒங்க பாட்டன் ஊர்ப் பேரையே மூணு விதமா சொல்றீங்க. எங்கக்கா இங்க மாத்தளையில இருக்கா.”

மனைவியிடம் பதில் இல்லாத கணவன் செய்வதையே செய்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

01.03.1970

பக்கத்துக் காம்பரா வீட்டு இராமசாமி மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். சிவப்புப் பூ வந்தால் இந்தியா, வெள்ளை வந்தால் இலங்கையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பூவா கப்பலேறப் போவுது? நீங்கதானே? நீங்களே யோசிச்சு முடிவெடுங்க. நல்லதோ கெட்டதோ, அது ஒங்களோடதா இருக்கட்டும்” என்றேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

“சரிங்க மாஸ்டர்” என்று போய்விட்டார். பூக்கட்டவில்லை.

09.03.1970

மரியாயி திருவுளச் சீட்டுப் போடலாம் என்கிறாள். நாளை செவ்வாய், வஹகோட்டைக் கோயிலுக்குப் போய் அந்தோனியார் காலடியில் வைத்து எடுக்கலாமாம். நான் ஏன் சரி என்றேன்? ஊருக்குத்தான் உபதேசம்.

10.03.1970, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

சீட்டுகளை நான்தான் எழுதினேன். இரண்டிலும் இந்தியா.

அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். அழவில்லை. சீட்டை உதட்டில் வைத்து முத்தி செய்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மற்றதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். வரும் வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கிழித்துப் போட்டேன்.

நாளைக்கு அங்கே போய்க் கஷ்டப்பட்டால் அவள் என்னைக் குறை சொல்ல மாட்டாள். அதற்காகத்தானே செய்தேன்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

16.03.1970

சீட்டில் இந்தியா வந்தது லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மரியாயி குழாயடியில் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்பதுபோல் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

03.04.1970

பாரத்தோடு இராமசாமி வந்தார். இந்தியா என்று எழுதச் சொன்னார். யோசித்தீர்களா என்று கேட்டேன்.

“நீங்க பூ வேணாம்னீங்க, விட்டுட்டேன். இப்ப ஒங்க சாமியே சொல்லிருச்சு. மாஸ்டர் வீட்டுச் சீட்டு பொய் சொல்லுமா?”

எழுதிக் கொடுத்தேன். அவர் பெண்டாட்டி இலட்சுமி வாசலில் நின்று கும்பிட்டாள்.

12.04.1970

சீட்டை நம்பி இந்தியாவுக்கு எழுதியது இராமசாமியோடு ஆறு குடும்பம். ஆறும் என் கையெழுத்து. எல்லாம் தபாலில் போய்விட்டன. என்னுடையது இன்னும் மேசையில். பயமா இருக்கு. ஐம்பத்தெட்டில்கூட இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு மற்றவர்களைப் பார்த்துப் பயந்தேன்.

25.04.1970

மரியாயியிடம் சொல்லிவிட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். “நீங்க இந்தியான்னு சொல்லிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அந்தோனியார்கிட்ட எப்புடிச் சண்டை போடுறது? அக்காகிட்ட போயி அழுது, மனசத் தேத்திக்கிட்டு வந்து நிக்கிறேனே!”

சுளகோடு அரிசியை எடுத்து என் முன்னால் கொட்டினாள். இருவருமாகப் பொறுக்கினோம்.

26.04.1970

காலையிலிருந்து சண்டை. பன்னிரண்டு வருடத்தில் இப்படிச் சண்டை போட்டதில்லை. என் பயத்தைச் சொன்னேன். “எனக்கு மட்டும் பயமில்லியா?” என்றாள். அது ஏன் இவ்வளவு நாளும் எனக்குத் தோன்றவில்லை?

27.04.1970

இலங்கை என்று எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம். இல்லையென்று பதில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. தெரியாமலேதான் போட்டோம்.

“அந்த ஆறு வீட்டுக்கும் சொல்லணுங்க. இன்னும் மூணு நாளு இருக்கு” என்றாள் மரியாயி.

28.04.1970

நாளைக்குச் சொல்கிறேன்.

30.04.1970

சொல்லவில்லை.

17.09.1972, ஞாயிறு

இராமசாமி குடும்பம் புறப்பட்டுவிட்டது. மாத்தளை ஸ்டேஷனில் தகரப் பெட்டி, அம்மி, ஒப்பாரி. தலைமன்னார் போய்க் கப்பலேற வேண்டும். இரண்டரை வருடமாக நான் இலங்கைக்கு எழுதியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாஸ்டருக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாராம்.

ரயில் வர இருந்த நேரத்தில் அவரைத் தூணோரம் அழைத்துப்போய்ச் சொன்னேன். இரண்டு சீட்டையும் சொன்னேன்.

அவர் கேட்டார்: “இத இப்ப எதுக்கு மாஸ்டர் சொல்றீங்க? என்னாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது, ஒங்களாலயும் ஏலாது. நான் இதையும் தூக்கிக்கிட்டுக் கப்பலேறணுமா?”

கை கொடுக்காமல் ஏறினார். இலட்சுமிதான் ஜன்னலிலிருந்து கையசைத்தாள். அவளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை.

மற்ற ஐந்து குடும்பங்களுக்கு இன்னும் புறப்படச் சொல்லிக் கடிதம் வரவில்லை. மனுவை மாற்ற முடியுமோ என்னவோ. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கேட்பதற்கு அவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டுமே. ஸ்டேஷனிலிருந்து நேரே லயத்துக்குப் போனேன். முதல் வீட்டில் நம்பவில்லை. இரண்டாவது வீட்டில் அழுதார்கள். மூன்றாவது வீட்டில் என் சட்டையைப் பிடித்தார்கள்.

இன்னும் இரண்டு வீடுகள் இருக்கின்றன. நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன். மரியாயி கிழிந்த சட்டையை வாங்கிக்கொண்டு வேறு சட்டையைக் கொடுத்தாள்.