இறக்கையில் எழுதிய எண்

மார்ச் 2, ஞாயிறு

விமானத்தின் மூக்கை நான்காவது முறையாக ஒட்டி, சாப்பாட்டு மேசையில் மல்லாக்கக் கிடத்தியிருக்கிறேன். அக்கா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவள், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் குனிந்து பார்த்தாள்.

"பிழைக்குமா?"

"பிழைக்கும்."

"எங்க வார்டுல போடுற கட்டுங்களைவிட இதுக்கு அதிகமா போட்டிருக்க. ஊர்ல பொண்ணுங்க பூனை வளக்குறாங்க, நாய் வளக்குறாங்க. நீ தெர்மாகோல் வளக்குற."

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். என்னை விட்டு விலகிப் பறக்கும்போது விமானம் சொன்னபடி கேட்கிறது. திரும்பி என்னைப் பார்த்து வரும்போது அதன் வலது எனக்கு இடதாகிவிடுகிறது. மூளை அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மூக்கு தரையில். இதை அக்காவிடம் விளக்கினேன். "உனக்கு எதுவுமே எதிர்ல வந்தா ஆகாதே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மைதானத்தில் எனக்குக் கற்றுத்தருபவர் பஸ் ஓட்டுகிறார். எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். அவருடைய ரிமோட்டோடு என்னுடையதை இணைத்திருப்பதால், நான் தடுமாறும் கணத்தில் அவர் பிடுங்கிக்கொள்ளலாம். இன்று பிடுங்கவில்லை. "விழட்டும்னு விட்டேன். இடதா வலதான்னு யோசிக்காதீங்க. எந்த இறக்கை கீழ சாயுதோ, குச்சியை அந்தப் பக்கம் தள்ளுங்க. தோள் குடுக்குற மாதிரி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

மார்ச் 5

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு வாடிக்கையாளருக்கு ஃப்ரேம் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. என் கட்டைவிரல் மேசை மேல் தானாக இடப்பக்கம் நகர்ந்தது. தலை நிமிரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தோள் கொடுக்கும் வித்தை பிடிபட்டுவிட்டது! ஆறு முறை எதிரே வரவைத்தேன், ஆறு முறையும் தலைக்கு மேலே ஒழுங்காகக் கடந்து போனது. டிரைவர் தன் ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரம் இணைப்பைக் கழட்டிடலாம். ஆனா ஒண்ணு, இறக்கையில பேரும் போன் நம்பரும் எழுதணும். இது இல்லாம இங்க யாரையும் தனியா பறக்க விடுறதில்லை."

"பேர் எதுக்கு அண்ணா?"

"காத்துக்கு உங்க வீடு தெரியாதுல்ல."

வீட்டுக்கு வந்து பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் எண் எட்டுப் பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் தண்ணீர் கேன் போடுபவர். முன்பின் தெரியாத ஒருவர் கையில் அது கிடைப்பதா? பெயரை விட்டுவிட்டேன். எண் எழுதினேன். பழைய எண். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு விடுதியைக் காலி செய்த மாதம் தூக்கி எறிந்த எண். இரண்டரை வருடம் ஆகிறது. இன்னும் மனப்பாடம்.

எழுதியும் எழுதாத மாதிரி. கெட்டிக்காரத்தனம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

தனியாகப் பறந்தேன்.

இதற்குமேல் எழுத வரவில்லை. படித்த புத்தகங்களில் இருந்து ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. விமானம் இறங்கியதும் டிரைவர், "இனிமே நான் எதுக்கு, வண்டியை எடுக்கிறேன்" என்று போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

தொலைச்சுட்டேன்.

காற்று இருந்தது. டிரைவர் வருவதற்கு முன்பே ஏற்றிவிட்டேன், அதுதான் திமிர். காற்றோடு சேர்ந்து கிழக்கே போனது, போனது, சின்னப் புள்ளியாகிவிட்டது. அந்தத் தூரத்தில் இறக்கையும் தெரியாது, வாலும் தெரியாது. திருப்பினேன். திரும்பியதா? போகிறதா, வருகிறதா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் வெட்டுகிறவள் நான். பிறகு புள்ளியும் இல்லை.

ரிமோட்டின் எல்லையைத் தாண்டினால் மோட்டார் தானாக நின்றுவிடும், மெல்லச் சறுக்கி எங்கேயாவது இறங்கும் என்றார் டிரைவர். எல்லோரும் தங்கள் விமானங்களைக் கீழே வைத்துவிட்டுத் தேட வந்தார்கள். மூன்று மணி நேரம் புதர், வேலி, பள்ளம். முள் கீறி எனக்காக ஒருவர் சட்டை கிழிந்தது. எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

"விடுங்க, நம்பர் இருக்குல்ல? யாராவது பாத்துட்டுக் கூப்பிடுவாங்க" என்றார் டிரைவர்.

"ம்" என்றேன்.

எப்பேர்ப்பட்ட ம்.

மார்ச் 24

மேசை காலியாக இருக்கிறது. அக்கா தட்டை நடுவில் வைத்துச் சாப்பிட்டாள். இடம் கிடைத்த சந்தோஷம்கூட இல்லை அவளுக்கு.

மார்ச் 25, செவ்வாய்

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

"அத்தனை பேர் முள்ளுல நடந்தாங்க, நீ செத்துப்போன நம்பரை எழுதி வச்சிருக்க."

"சரி, தப்புதான்."

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? இப்பல்லாம் நம்பரைப் புதைக்கிறதில்ல, அடுத்த ஆளுக்குக் குடுத்துடுறாங்க. அடிச்சுப் பாரு."

என் எண்ணை நானே அழைத்தேன். மணி அடித்தது. பின்னணியில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம், ஒரு பெண் குரல்.

"சொல்லுங்க."

"வந்து... ஞாயித்துக்கிழமை யாராவது உங்களைக் கூப்பிட்டு, ஒரு பிளேன் பத்தி..."

தையல் இயந்திரம் நின்றது.

"அடியாத்தீ. நீங்கதானா அது? ரெண்டு வருஷமா உங்க போனையெல்லாம் நான்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். உங்க பேரு எனக்கு மனப்பாடம். லைப்ரரியில ஏதோ தடி புக்காம், முதல்ல அதைக் கொண்டுபோய்க் குடுங்க. ரொம்ப வயசானவங்கன்னு நினைச்சேன். அப்புறம் உங்க பல் டாக்டர் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூப்பிடுறாரு. வரலைன்னா கோவிச்சுக்கிறாரேன்னு ஒரு தடவை நானே போய்ட்டேன். நல்ல டாக்டர்."

சோபாவுக்கு உறை தைப்பவராம். மூடிக்கிடக்கும் பிஸ்கட் ஃபேக்டரியின் காவல்காரர் ஞாயிறு மாலையே கூப்பிட்டிருக்கிறார், கூரையில் விமானம் என்று. "ராங் நம்பர்தான், ஆனா பத்திரமா வைங்க, இந்த நம்பரைத் தேடி யாராச்சும் வருவாங்க, எப்பவும் வர்றதுதான்னு சொல்லிவச்சேன்."

நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன்.

"இருங்க. ஒரு பொண்ணும் கூப்பிடும். உங்ககூட ஹாஸ்டல்ல இருந்ததாம். முதல்ல வாராவாரம். இது அவங்க நம்பர் இல்லம்மான்னா, 'தெரியும்க்கா, ஒருவேளை திரும்ப வாங்கியிருப்பாளோன்னு'ங்கும். இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா. பேசிப் பேசி பழக்கமாயிடுச்சு." போன வருஷம் அவள் வீட்டு சோபாவுக்கு இவர்தான் உறை தைத்தாராம். பச்சை. நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறாளாம்.

அவள் நம்பரைச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 26

காவல்காரர் விமானத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "பயணிங்க எல்லாம் பத்திரமா இறங்கிட்டாங்க" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. இடது இறக்கை நுனி நசுங்கியிருக்கிறது. மற்றபடி சேதமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மைதானத்துக்குப் போகவில்லை. இறக்கை இன்னும் காயவில்லை என்று டிரைவருக்குச் செய்தி அனுப்பினேன். காய்ந்து மூன்று நாள் ஆகிறது.

ஹாஸ்டலில் அவளைக் 'குடை' என்றுதான் கூப்பிடுவோம். மழையோ வெயிலோ, கையில் குடை இருக்கும். என் ஆராய்ச்சியின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் வாசித்தவள். நான்காவது அத்தியாயத்தைப் பேராசிரியர் திருப்பி எறிந்தபோது, "திரும்ப எழுது, நான் திரும்பப் படிக்கிறேன்" என்றவள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: 'அலமாரிச் சாவி மேசையில்.' மூன்று வருடம் ஒரே அறை. மூன்று சொல்.

அவளுக்கு என்மேல் கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். பச்சை சோபாவில் உட்கார்ந்துகொண்டு என் எண்ணை அழைக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 2

கூப்பிடவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

உறை தைக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "பேசினீங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது கூப்பிடுற முறை இந்த மாசம் வருது. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. அதுக்குள்ள நீங்களே பேசிட்டா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். கையில வேலை வேற குவிஞ்சு கிடக்கு."

ஏப்ரல் 6, ஞாயிறு

காற்று குறைவு. டிரைவரிடம் எண் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்க பஸ்ஸுல தப்பான போர்டு மாட்டிட்டுப் போனாலும் யாராச்சும் ஏறத்தான் செய்றாங்க" என்றார். சட்டை கிழிந்தவரிடமும் போய்ச் சொன்னேன். பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறகு விமானப் பெட்டி மேல் உட்கார்ந்து, யோசிக்க நேரம் கொடுக்காமல், குடையை அழைத்தேன்.

"நான்தான்" என்றேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும். எதிரே வருவது எதுவென்று தெரியாத அந்த நொடி எனக்கு நன்றாகப் பழக்கம். கையை எடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

"சாவி மேசையில இல்லடி" என்றாள்.

"என்னது?"

"அலமாரிச் சாவி. மேசையில இல்ல. என் துணி பூரா உள்ள. நாலு நாள் ஒரே டிரஸ்ஸோட திரிஞ்சேன். அப்புறம் பூட்டை உடைச்சாங்க. ரூம் காலி பண்றப்பத்தான் கட்டிலுக்கு அடியில கிடைச்சுது. இதைச் சொல்லத்தான் இத்தனை நாளா போன் பண்றேன்."

"இதைச் சொல்லவா?"

"வேற எதைச் சொல்ல."

அப்புறம் அவள் குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஒன்றும் விளக்கவில்லை. "இருக்கேன், சொல்லு" என்றேன். நாற்பது நிமிடம். பேட்டரி தீர்ந்தது, என் போனிலும், அணைக்க மறந்த விமானத்திலும்.

ஏப்ரல் 9

நூலகத்தில் தடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். பல் டாக்டருக்கும் புது எண் கொடுத்தாயிற்று. அடுத்த முறை என்னையும் உறை தைக்கும் அக்காவையும் சேர்த்தே வரச் சொன்னார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புது இறக்கை. பெயர் எழுதினேன், எண் எழுதினேன். கூரையில் ஏறாமலே படிக்கிற மாதிரி பெரிதாக எழுதியிருக்கிறேன் என்று அக்கா சொன்னாள்.

குடை வந்திருந்தாள், குடையோடு. "அதைக் கொஞ்சம் மடக்கச் சொல்லுங்க, பிளேன் அங்க போய் உக்காந்துடப்போகுது" என்றார் டிரைவர். அவள் மடக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

காற்றோடு கிழக்கே விட்டேன். புள்ளியாகும் முன்பே திருப்பினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அது போகுதா, வருதா?"

இடது இறக்கை சற்றே தாழ்ந்திருந்தது. கட்டைவிரலை அந்தப் பக்கம் நகர்த்தினேன். நிமிர்ந்தது.

"வருது" என்றேன்.