தாய்மாமன் நிற்கும் போட்டோ

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே மழை. பிரிக்பீல்ட்ஸ். வக்கீல் ஆபிஸ்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்றே வழக்காடுகிறாராம், போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆபிஸ் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எவ்வளவு அறிவு பாருங்கள்! பதினெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் நான், கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். அந்த மனிதர் படியிறங்கி வந்ததே பெரிய தியாகம் போல மூச்சு வாங்கினார்.

"அண்ணே, கேஸ் ஸ்ட்ராங்தான் லா. ஆனா ஒரு சின்ன ப்ராப்ளம்."

போனை நீட்டினார். அக்கா மகள் கவிதாவின் கல்யாணப் போட்டோ. பெண், மாப்பிள்ளை, பக்கத்தில் பட்டு வேட்டியில் நான். நின்றுகொண்டு. கவிதா ஃபேஸ்புக்கில் போட்டு மேலே எழுதியிருக்கிறாள்: 'எங்க மாமா எழுந்து நின்னுட்டாரு!' கீழே வரிசையாகக் கும்பிடு.

அது இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கையில் சிக்கிவிட்டது. லோரி மோதி இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்கிறவன் கல்யாணத்தில் எப்படி நிற்கிறான் என்று கேட்கப் போகிறார்களாம்.

படித்த பெண். பேங்கில் வேலை. மூளையையும் அங்கேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டாள் போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். புட்டத்தில் புண் மறுபடி. வாங்க வேண்டியவை: மூத்திரப் பை, கையுறை, மருந்துத் துணி.

போட்டோவில் தெரியாதவை: வேட்டிக்குள் முழங்கால்களில் கட்டிய பலகைகள். பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்திருந்த இரண்டு தடியன்கள். தாய்மாமன் நிற்காவிட்டால் தாலி ஏறாது போலும். எல்லாம் சரோஜா அக்காவின் யோசனை என்று வக்கீலிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு அறுபது முடிந்துவிட்டது. இன்று கட்டிலிலிருந்து என்னை நாற்காலிக்கு மாற்றும்போது அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டாள். நிமிர முடியவில்லை.

"ஒன்னுமில்லடா. நீ பசியாறு."

கேஸ் ஜெயித்தால் நஷ்டஈட்டுப் பணத்தில் என்னைத் தூக்கிப் போட ஒரு ஆள் வைக்கலாம். தோற்றால் இவள்தான், இவள் விழுகிறவரை. பயமாக இருக்கிறது. எரிச்சலாகவும்.

ஆகஸ்ட் 9, சனி

செமினியில் இருக்கும் மச்சான் வந்தார். ஆப்பிள் ஒரு பை. என்னைப் பார்க்காமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "அந்த போட்டோல நல்லாத்தானே நிக்கிறீங்க? கொஞ்சம் ட்ரை பண்ணா நடந்துரலாம் லா, பாஸ்."

முழு முட்டாள். ஆப்பிளும் புளிப்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிள்ளான், கோர்ட். ஏர்கானில் கை விறைத்தது. காலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சிரிப்பு மட்டும்தான் மூலதனம். பலகை, பெல்ட் எல்லாம் சொன்னேன். சிரித்தார். பிறகு ஒரு கேள்வி. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "உங்களை நிக்க வைக்கச் சொன்னது யாரு?"

"என் அக்கா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

கூசாமல் வந்தது.

அக்காவும் சாட்சி என்பதால் அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. நாளை அவள் முறை.

வக்கீல் வராந்தாவில் குசுகுசுத்தார்: "அதே கேள்விய அவங்ககிட்டயும் கேப்பாங்க அண்ணே. வேற மாதிரி சொல்லிட்டாங்கன்னா நீங்க பொய்யர். அப்புறம் டாக்டர் ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க. வீட்டுல இதப் பத்திப் பேசாதீங்க."

பேசவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

இங்கேயாவது எழுதுகிறேன். அன்று மண்டபத்தில் எல்லோரும் என் உயரத்துக்குக் குனிந்து போட்டோ எடுக்கப் பார்த்தார்கள். அக்கா, "உக்காந்தே இருடா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்தக் குனிந்த முதுகுகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. "தாய்மாமன்டா நான், நிக்க வைங்கடா!" என்று கத்தியது நான்தான். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இத்தனை நாள் இந்த நோட்டில் எல்லோரையும் திட்டினேன். ஒருவனை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தூறல். அக்கா நீலச் சேலை. கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இடுப்பு வலி. உட்காரச் சொன்னார்கள். மறுத்துவிட்டாள்.

மற்ற கேள்விகள் எதுவும் என் காதில் ஏறவில்லை. கடைசியில் அது வந்தது.

"நிக்க வைக்கச் சொன்னது யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாங்க. அவன் வேணாம்னுதான் சொன்னான்."

வார்த்தை மாறாமல். நீதிபதி எழுதிக்கொண்டார். சிரிப்புக்காரர் ஃபைலை மூடினார்.

வேனுக்காகக் காத்திருந்தபோது கேட்டேன். "நான் உன் பேரச் சொன்னேன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

கைப்பையில் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வேற யாரடா சொல்லுவ நீ?"

கோபமில்லை. குத்தலும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரல். குடையை எனக்கு மேலே பிடித்தாள். வெட்கமாக இருக்கிறது.