பதினைந்தாவது அடி

காஞ்சிபுரம்,
12-6-1972

அன்புள்ள பூவராகவன் சார் அவர்களுக்கு,

சாமுவேல் எழுதுவது. நானும் அம்மாவும் தம்பி அப்பாதுரையும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே மழை பிடித்திருக்கும். இங்கே வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கிறது. ஆறு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பம்பாயில் டாங்குக்குப் படம் போடுகிற பெரிய இன்ஜினியருக்கு, அதை வெல்டிங் வைத்து ஒட்டுகிற பழைய சிநேகிதன் ஞாபகம் வராதுதான்.

ஒரு வேலை வந்திருக்கிறது. வாலாஜாபாத்தில் ராமலிங்கம் முதலாளியின் எண்ணெய் மில்லை உங்களுக்குத் தெரியும். அங்கே கடலை எண்ணெய்க்குக் கட்டிய டாங்க், இருபத்துநாலு அடி உயரம். அடித்தகடு துருப்பிடித்துவிட்டது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல்கிறார். அது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் கள்ளு, சாராயக் கடைகளைத் திறந்தபிறகு அவருக்கு மொலாசஸ் வியாபாரத்தில் ஆசை வந்திருக்கிறது. சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற, சாராயம் காய்ச்ச உதவுகிற கருப்புப் பாகை வாங்கி, இதே டாங்கில் வைத்து விற்கப் போகிறாராம்.

எண்ணெய் லேசு, பாகு கனம். முழு டாங்கும் நிரப்பினால் தாங்குமா? எனக்கென்னவோ, எவ்வளவு தாங்குமோ அந்த உயரத்தில் ஒரு வழிகுழாய் வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதற்குமேல் ஏற்றினால் தானாக வெளியே கொட்டிவிடும். யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. தகட்டு அளவுகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீங்கள் கணக்குப் போட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் நான் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்க மாட்டேன்.

தங்கள் அன்புள்ள,
சாமுவேல்

*

பம்பாய்,
21-6-1972

அன்புள்ள சாமுவேலு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. திட்டிவிட்டாய், சரி, வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. அவர்கள் கையால் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு வாசனை இந்த ஊரில் எங்கே கிடைக்கும்?

தகட்டு அளவுகளை வைத்து, விதிப் புத்தகத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டேன். மொலாசஸ் தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஆகவே பதினைந்து அடி. அதற்குமேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். புதுத் தகட்டின் மூலைகளை வளைத்து வெட்டு. அதன் செங்குத்து ஒட்டு, மேல் தகட்டின் ஒட்டுக்கு நேராக வந்துவிடக் கூடாது. வெல்டிங் ராடுகளை நன்றாக உலர்த்திவிட்டு ஒட்டு. முடிந்ததும் இருபத்துநாலு அடிக்கும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார்.

வழிகுழாய் வேண்டாம். முதலாளி எனக்கும் எழுதியிருந்தார். கடலைப் பருவத்தில் இதே டாங்கில் எண்ணெயை முழுசாக நிரப்ப வேண்டுமாம். நடுவில் ஓட்டை போட்டால் ஒன்பது அடி வீண் என்கிறார். விதியிலும் அது கட்டாயம் என்று எங்கும் இல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற மட்டப் பலகையில் சிவப்புக் கோடு போட்டுவிடு, போதும். நீ எப்போதும் தேவைக்குமேல் பயப்படுகிறவன்.

இதை நண்பனாகச் சொல்கிறேன். வெளி வேலைக்கு யோசனை சொல்வது கம்பெனிக்குத் தெரிந்தால் என்னைத் தூக்கிவிடுவார்கள்.

உன்,
பூவராகவன்

*

காஞ்சிபுரம்,
9-8-1972

அன்புள்ள பூவராகவன் சார் அவர்களுக்கு,

வேலை முடிந்தது. தண்ணீர் நிரப்பி ஒரு பகல், ஒரு இரவு விட்டுப் பார்த்தோம். நான் ஒட்டிய இடம் முழுக்கச் சுண்ணாம்பு பூசியிருந்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. முதலாளி என் தோளைத் தட்டினார்.

மட்டப் பலகையிலும் கோடு போட்டாயிற்று. டாங்குக்குள் மிதவை, அதற்குக் கட்டிய கம்பி மேலே ஏறி வெளியே இறங்குகிறது, அதன் நுனியில் முள். உள்ளே சரக்கு ஏற ஏற, வெளியே பலகையில் முள் இறங்கும். ஆகவே பதினைந்து அடிக்கான சிவப்புக் கோடு, தரையிலிருந்து ஒன்பதாவது அடியில் நிற்கிறது. ஏணி வைத்து நானே பெயின்ட் அடித்தேன்.

இன்னொரு நல்ல சேதி. அப்பாதுரைக்கு அங்கேயே பம்ப் ஓட்டுகிற வேலை. அம்மா சாமிக்கு மெழுகுவர்த்தி வாங்கிவிட்டாள். "சிவப்பைத் தாண்டக் கூடாது" என்று முதல் பாடமாகச் சொல்லிவைத்தேன். "எத்தினி வாட்டிண்ணா சொல்லுவ, எனக்கு என்னா கண்ணு தெரியாதா?" என்று சிரிக்கிறான்.

தங்கள் அன்புள்ள,
சாமுவேல்

*

காஞ்சிபுரம்,
2-11-1972

பூவராகவன் சார்,

தந்தி கிடைத்திருக்கும். பதில் இல்லாததால் எழுதுகிறேன். அப்பாதுரை போய்விட்டான். டாங்க் வெடித்து, பாகுக்குள் மூழ்கிச் செத்தான். இதை எழுத எனக்குப் பதினாலு நாள் ஆகியிருக்கிறது.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு மில் முழுக்கப் பெயின்ட் அடித்தார்கள். டாங்குக்கு வெள்ளிப் பூச்சு, மட்டப் பலகைக்கு வெள்ளை. என் கோடு அதற்குள் போய்விட்டது. பூஜையன்று ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், பலகைக்கும் குழைத்த குங்குமத்தைப் பட்டையாக இழுத்திருக்கிறார்கள். கை எட்டுகிற உயரத்தில், நாலாவது அடியில். முள் கீழே இறங்கினால் உள்ளே அதிகம் என்று வைத்தவனுக்கு என்ன தெரியும்? பூஜைக்கு அப்பாதுரை லீவு. பெயின்ட் அடித்ததை அவன் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள்தான் லாரி லாரியாகப் பாகு வந்தது. அதற்குமுன் டாங்கில் பாதிக்குமேல் ஏறியதே இல்லை. கூட நின்ற கண்ணாயிரம் எனக்குச் சொன்னான். முள் வழக்கத்தைவிடக் கீழே வந்ததும் அப்பாதுரை பம்பை நிறுத்திவிட்டுப் போய்ச் சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறான். "இன்னா சார், முள்ளு ரொம்ப எறங்கிக்கினு இருக்குது?" அவர் எட்டிப் பார்த்து, "செவப்பு இன்னும் கீழதானப்பா இருக்குது? லாரி நிக்குது, ஏத்து" என்றாராம். ஏற்றினான். முள் ஐந்தாவது அடிக்கு வந்தபோது, அதாவது உள்ளே பத்தொன்பது அடி ஏறியபோது, டாங்க் கிழிந்தது. நான் ஒட்டிய ஒட்டு இன்றும் முழுசாக இருக்கிறது சார். அதற்குப் பக்கத்துப் பழைய தகடு கிழிந்தது.

அவனைக் கழுவிக் கழுவிப் பார்த்தோம். போகவில்லை. பெட்டியில் வைத்தபிறகும் எறும்பு வந்தது. அம்மா உட்கார்ந்து எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது முதலாளி தரப்பில், அவன் குடித்துவிட்டுக் கோட்டைத் தாண்டி ஏற்றினான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பில் சாராய வாடை இருந்ததாம். புளித்த பாகில் மூழ்கியவன்மேல் வேறென்ன வாடை வரும்? குடியை அறியாத பிள்ளை அவன். பலகையோ வெள்ளத்தில் நொறுங்கிவிட்டது. கண்ணாயிரம் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்.

விசாரணை அதிகாரியிடம் உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைக் காட்டினேன். படித்தார். "இது சிநேகிதக் கடிதம். கையெழுத்து யாருடையது என்று எனக்கென்ன தெரியும்? வழிகுழாய் கேட்டும் வேண்டாமென்று பெயின்ட் கோட்டை நம்பினது உண்மையானால், எழுதியவரே வந்து சொல்லட்டும். அப்போது பம்ப் ஓட்டினவன்மேல் குற்றமில்லை என்று எழுதுகிறேன்" என்றார். விசாரணைக்கு இந்த மாதம் 25-ஆம் தேதி கடைசி.

நீங்கள் வர வேண்டும். ஒரே ஒரு நாள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும்தான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

சாமுவேல்

*

பம்பாய்,
13-11-1972

அன்புள்ள சாமுவேலு,

தந்தி வந்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கேட்ட குழாயை வைத்திருந்தால் அப்பாதுரை இருந்திருப்பான். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

ஆனால் அங்கே வந்து சொல்ல என்னால் முடியாது. வெளி வேலைக்கு யோசனை சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் அன்றே வேலை போகும். அதோடு போகாது, இனி எந்தக் கம்பெனியும் என் படத்தை நம்பாது. தை மாதம் என் மகள் வடிவாம்பாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன உயிர் நான் வந்து சொல்வதால் திரும்பி வந்துவிடுமா? விசாரணை என்பது நாலு நாள் பேச்சு. ஊர் மறந்துவிடும்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. நான் கோழை. எனக்கே தெரிகிறது.

உன்,
பூவராகவன்

*

காஞ்சிபுரம்,
17-11-1972

பூவராகவன் சார்,

ஊர் மறக்காது. அம்மா நாலு ஞாயிறாகக் கோயிலுக்குப் போகவில்லை. குழாயடியில் ஒருத்தி, "குடிச்சிட்டு ஊரையே முழுகடிக்கப் பாத்தானாமே உன் புள்ள" என்று கேட்டாளாம். அம்மா குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். ராத்திரியில் என்னை எழுப்பி, "குடிச்சானாடா சாமுவேலு? எனக்குத் தெரியாம குடிச்சானா?" என்று கேட்கிறாள். பெற்றவளே சந்தேகப்படும்படி ஆகிவிட்டது சார்.

செத்தவன் வந்து பேச மாட்டான். நீங்கள் பேசலாம். 24-ஆம் தேதி காலை மெட்ராஸ் ரயிலுக்கு நான் சென்ட்ரலில் வந்து நிற்பேன்.

சாமுவேல்

*

காஞ்சிபுரம்,
3-12-1972

திரு. பூவராகவன் அவர்களுக்கு,

24-ஆம் தேதி சென்ட்ரலில் நின்றேன். காலை ரயில் வந்தது. அடுத்ததற்கும் நின்றேன். பிறகு பஸ் ஏறினேன்.

மறுநாள் விசாரணையில் பைபிள்மேல் கை வைத்து வேறொன்று சொன்னேன். சிவப்புக் கோடு போட்டது நான், அளவைத் தப்பாகப் பார்த்து ஒன்பதாவது அடிக்குப் பதில் நாலாவது அடியில் போட்டுவிட்டேன், என் தம்பி நான் போட்ட கோட்டைத் தாண்டவே இல்லை என்று சொன்னேன். முன்பு பூஜை, பெயின்ட் என்று சொன்னதெல்லாம் என் தப்பை மறைக்கச் சொன்ன பொய் என்றேன். யாரும் மறுக்கவில்லை. முதலாளிக்கு அது வசதி, தன் பூஜையை யாரும் இனிக் கேட்க மாட்டார்கள். அதிகாரி உங்கள் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாதுரை சொன்னபடி வேலை செய்தவன், அவன்மேல் குற்றமில்லை என்று எழுதிப் படித்துக் காட்டினார்கள். என் வெல்டர் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். மேலே வழக்கு வரும் என்கிறார்கள், வரட்டும்.

இதனால் நீங்களும் தப்பித்தீர்கள். உங்களுக்காகச் செய்தேன் என்று ஒரு நாளும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வடிவாம்பாள் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். அவள் என்ன செய்தாள்?

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கே தெருவில் நின்று கத்துவாள், அப்பாதுரை மறுபடியும் குடிகாரனாகிவிடுவான். அதனால் அவளும் அதிகாரி எழுதினதைத்தான் நம்புகிறாள். "என் புள்ளய நீதாண்டா கொன்ன" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். தன் துணிகளை எடுத்துக்கொண்டு கூரத்தில் என் தங்கை தேவகி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

போன ஞாயிறு அம்மா கோயிலுக்கு வந்திருந்தாள். முதல் வரிசையில், தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் எழுந்து வெளியே போனாள். அதனால் நானே திரும்பி வந்துவிட்டேன், அவள் உட்காரட்டும் என்று.

சாமுவேல்